பெண் தெய்வமும் பெண்ணும்

உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை. "ரீச்சர், கண்ணகி தாலி இழந்தவாதானே? அப்ப ஏன் அவாவைக் கோயிலிலை வைச்சுக் கும்பிடினம்?" என்று கேட்டாள். வகுப்பிலே சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. "போன மாசம் அக்கான்ரை கலியாணத்திலை அம்மா அறைக்குள்ளையே இருந்தவா" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டாள்.

விடையொன்று என் நாவில் ஆயத்தமாகவே இருந்தது. கண்ணகி கற்பின் தெய்வம். தெய்வத்தை உலகியல் வழக்கங்களால் அளத்தல் ஆகாது. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற நாளில் தேர்வுக்கு எழுதிய விடையும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் அதனைச் சொல்ல நா எழவில்லை. மணி அடித்தது. பாடம் முடிந்தது. கேள்வி மட்டும் என்னோடு வீடு வந்து சேர்ந்தது.

பெண்ணைத் தெய்வமாக வணங்குகின்ற ஒரு சமுதாயம், அவ்வணக்கத்தினாலேயே பெண்ணை மதிக்கின்ற சமுதாயம் ஆகிவிடுமா? ஆகாதெனின், அவ்வணக்கத்தின் பெறுமதிதான் யாது? கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவே. இது வல்வெட்டித்துறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தெய்வத்தைப் பெண்ணுருவிற் கண்ட மக்கள் எல்லோரும் விடை கூறக் கடமைப்பட்ட கேள்வி. ஆதலால், பெண் தெய்வம் நெடுங்காலம் இல்லாதிருந்த ஒரு நாட்டிலே அண்மைக்காலத்தில் அதனை வலிந்து தேடிக்கொண்ட மக்களின் கதையை முதலில் நோக்குவோம். அயலார் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் நம் வீட்டின் குறை தெளிவாகத் தெரியும்.

இங்கிலாந்திலே 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1954-இல், ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் சூனியக்காரிகளின் சமயம் இன்றும் உயிரோடிருக்கின்றது என்று கூறும் நூலொன்றை வெளியிட்டார். அந்நூலைச் சூழ்ந்து வளர்ந்த சமயமே இன்று விக்கா எனப்படுகின்றது. அதன் அடியார்கள் இருவரை வழிபடுகின்றனர். ஒருத்தி சந்திரனுக்குரிய இறைவி. மற்றவன் கொம்புடைய இறைவன். காட்டுக்கும் விலங்குக்கும் உரியவன். ஆண்டிலே எட்டுப் பருவ விழாக்கள் எடுக்கின்றனர். முழுநிலா நாள்களிற் கூடுகின்றனர். இறைவி ஒருத்தியே எனினும் அவளுக்குப் பெயர் பல. கிரேக்கரின் ஹெக்கற்றி, ரோமரின் டயானா, எகிப்தியரின் ஐசிஸ், அயர்லாந்து மக்களின் பிரிஜிட் எனப் பல நாட்டுப் பெயர்களால் அவளை அழைக்கின்றனர். சில குழுவினர் நம்முடைய காளியையும் அவ்வரிசையிற் சேர்த்துள்ளனர்.

இந்தக் கார்ட்னருக்கும் இலங்கைக்கும் தொடர்புண்டு. 1900-இல், இன்னும் இளைஞராயிருந்தபோதே, அவர் இந்நாட்டுக்கு வந்து தேயிலைத் தோட்டத்திலே தொழில் பழகினார். 1908-இல் போர்னியோவுக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றார். அவர் காலத்து மலைநாட்டிலே, லயத்து அறைகளில் அடைபட்டுக் கிடந்த தமிழ்த் தொழிலாளர் தம் மாரியம்மனுக்குக் கல் நாட்டி, கரகம் எடுத்து, திருவிழாச் செய்துகொண்டிருந்தனர். பெண் தெய்வத்தைத் தேடி வெள்ளையர் ஒருவர் பிற்காலத்திலே எழுதிய நூல்கள் உலகமெல்லாம் சென்றன. அத்தெய்வத்தை வணங்கிக்கொண்டே கொழுந்து கிள்ளிய பெண்ணின் பெயரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. அவரிடமிருந்து இவர் எடுத்தார் என்று நான் வாதிக்கவில்லை. தெய்வத்தின் மீதுள்ள ஆர்வமும் அத்தெய்வத்தை வணங்குவோர் மீதுள்ள அக்கறையும் ஒன்றல்ல என்பதை மட்டும் இங்கு குறித்துக்கொள்வோம்.

கொம்புடைய இறைவனின் கதையும் கருதத்தக்கது. அவனுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று செர்னுன்னோஸ். இப்பெயர் பாரிஸ் நகரத்துக் கற்றூண் ஒன்றிலே உருவத்துடன் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில், ரோமப் பேரரசன் திபேரியஸின் காலத்தில், அத்தூணை நாட்டியவர்கள் சீன் நதியிலே படகோட்டிப் பிழைத்த கூட்டத்தார். 1710-இல் நொத்ர்தாம் பேராலயத்தின் அடியிலிருந்து அது தோண்டியெடுக்கப்பட்டது. படகோட்டிகளின் தெய்வம் பேராலயத்தின் அத்திவாரத்துக்குள் போயிற்று. கொம்போ பிற்காலச் சித்திரங்களிலே சாத்தானின் அடையாளமாயிற்று. உழைப்போரின் தெய்வங்களுக்கு உலகெங்கும் நேர்வது இதுதான். மேலோர் அவற்றை ஒன்றில் பேயாக்குவர். அன்றேல் பெயர் மாற்றித் தமதாக்குவர்.

விக்கா தன்னைப் பழஞ்சமயம் என்று கூறிக்கொண்டதற்கு மார்கரெட் மறே என்னும் அறிஞர் 1921-இல் எழுதிய நூல் துணையாயிற்று. சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டோர் கிறித்துவத்துக்கு முற்பட்ட சமயமொன்றின் அடியார்கள் என்பது அவர் கொள்கை. வரலாற்றாசிரியர் இதனை ஏற்கவில்லை. 1999-இல் ரொனால்ட் ஹட்டன் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி, விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற சமயமே என்பதை நன்கு காட்டியது. அவ்வியக்கத்தாரிடையே, தொண்ணூறு இலட்சம் பெண்கள் எரிக்கப்பட்டனர் என்ற பேச்சும் நெடுநாள் உலவியது. ஆய்வாளரின் இன்றைய மதிப்பீடு ஏறக்குறைய 40,000 முதல் 60,000 வரையே.

ஆனால் நாற்பதாயிரம் என்பது சிறிய தொகையா? அவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பொய்யான தொகையை விலக்குவது அறிவின் கடமை. மெய்யான தொகையின் முன் தலைகுனிவது மனிதப் பண்பு. இரண்டையும் ஒருங்கே செய்யத்தான் வேண்டும்.

அக்கொடுமை நடந்த இடங்களுள் ஒன்றன் அருகே எம்மூரவர் சென்றிருக்கின்றனர். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அதனை எம்மூர்க் கடலோடிகள் ஓட்டிச் சென்று 1938-இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்திலே சேர்த்தார்கள். இன்றும் வல்வையார் பெருமையோடு சொல்லும் கதை அது. உணவளிக்கும் தேவியின் பெயர் தாங்கிய அக்கப்பலுக்குப் புதிய உடைமையாளர் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். குளோஸ்டர் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டத்திலேதான் சேலம் என்னும் ஊரும் இருக்கின்றது. அங்கே 1692-இல் சூனியக் குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். அவருள் பதினால்வர் பெண்கள். சுசன்னா மார்ட்டின், ஆன் பியூடேற்றர், மார்கரெட் ஸ்கொட் என்னும் மூவரும் கைம்பெண்கள். ஒருத்தியிடம் கொஞ்சம் சொத்து இருந்தது. மற்றொருத்தி இரந்து உண்டவள். சொத்திருந்தால் அயலாருக்குப் பொறாமை, இல்லாவிட்டால் அயலாருக்குச் சுமை. துணையற்ற பெண்ணின் மீது பழி விழுவதற்கு இரண்டுமே போதுமானவையாயின.

இந்தப் பின்னணியில் நோக்கும்போது, விக்காவின் இறைவிக்கு மூன்று பருவங்கள் உண்டு என்பது ஆழ்ந்த பொருள் உடையதாகின்றது. வளர்பிறையாகக் கன்னி, முழுநிலவாகத் தாய், தேய்பிறையாகக் கிழவி. கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் எழுதிய நூலொன்றிலிருந்து இவ்வடிவம் பெரிதும் பரவியது. கன்னியையும் தாயையும் போற்றுவது எவர்க்கும் எளிது. கிழவியை, சுருங்கிய தோலும் தனிமையும் உடையவளை, யாருக்கும் மகப்பேறு தர இயலாதவளைத் தெய்வத்தின் நிறைவான வடிவங்களுள் ஒன்றாகக் கொள்வது எளிதன்று. எவளைக் கண்டு ஊர் அஞ்சி ஒதுக்கியதோ அவளையே பீடத்திலேற்றி வைத்த இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதாயினும் நேர்மையானதே.

எனினும் இதற்கு ஒரு பின்கதை உண்டு. அச்சமயத்தின் வழிபாட்டு வாசகங்கள் பலவற்றை எழுதியவர் டோரீன் வாலியன்டே என்னும் பெண்மணி. 1957-இல் கார்ட்னர், பழைய சட்டங்கள் என்று கூறிச் சில விதிகளை முன்வைத்தார். தலைமைப் பூசாரினி, தன்னிலும் இளையவளுக்கு இடம்விட்டு இன்முகத்தோடு விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆண் பூசாரிக்கு இத்தகைய விதி இல்லை. வாலியன்டே அச்சட்டங்களின் பழைமையை ஐயுற்றார். அவ்வாண்டிலேயே தம்மைச் சார்ந்தோருடன் பிரிந்து சென்றார். வானத்திலே கிழவி தெய்வம். கூடத்திலே முதுமையடையும் பெண் எழுந்து போக வேண்டும். பெண் தெய்வத்துக்காகவே தோன்றிய சமயத்திலும், தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, இவ்விரிசல் விழுந்துவிட்டது.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

கண்ணகி வழிபாடு இலங்கையின் மிகப் பழைய வழிபாடுகளுள் ஒன்று. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்திருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். மட்டக்களப்பின் ஊர்கள் தோறும் வைகாசியிலே கண்ணகையம்மனுக்குச் சடங்கு நடக்கின்றது, வழக்குரை பாடப்படுகின்றது, சினத்தைத் தணிக்கக் குளிர்த்தி நடைபெறுகின்றது. வன்னியிலே வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கேற்றுகின்றனர். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் என்று போற்றுகின்றனர். கண்டிப் பெரஹராவிலே அவள் தேவாலயத்துக்கும் இடமுண்டு. மொழியாலும் மதத்தாலும் பிரிந்து நின்று இரத்தஞ் சிந்திய இருசாராரும் ஒருத்தியையே தாய் என்று கும்பிட்டு வந்துள்ளனர்.

யாழ்ப்பாணத்திலே இவ்வழிபாடு வேறொரு வழியிற் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சைவத்தைச் சீர்திருத்த முனைந்த ஆறுமுக நாவலர் (1822–1879), கண்ணகி சமணச் செட்டிப் பெண் என்றும் சிவாகமத்துக்குப் புறம்பான தெய்வம் என்றும் கருதி அவ்வழிபாட்டை எதிர்த்தார். கோயில்களிலே ஆடும் கோழியும் பலியிடப்படுவதையும் கடுமையாகக் கண்டித்தார். பின்னர்க் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலிய பெயர்களை ஏற்றன. புங்குடுதீவிலே மக்கள் இன்றும் கண்ணகையம்மன் என்றே சொல்லும் கோயில் இராஜராஜேஸ்வரி என்ற பெயரையும் தாங்கி நிற்கின்றது. மட்டுவிற் பன்றித்தலைச்சி போன்ற சில இடங்களிலே பழைய பெயர் அழியாது நிலைத்தது.

நாவலரை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. உயிர்ப்பலியை எதிர்த்தமையில் அறம் இருந்தது. ஆயினும் பெயர் மாற்றத்தால் இழந்தது எது என்று கேட்பது நம் தலைமுறையின் கடமை. இராஜராஜேஸ்வரி அரசர்க்கரசி, குங்குமமும் மணிமுடியும் உடையவள், என்றும் சுமங்கலி. கண்ணகியோ கணவனை இழந்தவள். தெய்வப் பிறவி என்பதற்காக அவள் தெய்வமானாளல்லள். கணவன் கொலையுண்ட செய்தி கேட்டு, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, தன்னந்தனியே அரசவைக்குட் புகுந்து, ஆட்சியின் தவற்றை அரசன் முகத்துக்கெதிரே நிறுவியவள். அவள் செட்டிப் பெண் என்பதும் சமணத்தி என்பதும் மேலோர் கண்ட குறைகள். அவள் கைம்பெண் என்பதை எவரும் குறையென்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பெயர் மாறிய கருவறையிலிருந்து ஓசையின்றி அகன்றது அந்தக் கைம்பெண்தான்.

பெயர் மாறாத இடங்களில் மட்டும் நிலைமை வேறா? அங்கும் கைம்பெண்ணை வணங்கிவிட்டு வீடு திரும்புவோர், மணப்பந்தலிலே கைம்பெண்ணைப் பின்னுக்கு நிறுத்துகின்றனர். புறப்படும்போது எதிரே வந்தால் சகுனம் பிழை என்று திரும்புகின்றனர். பெற்று, வளர்த்து, கூலிவேலை செய்தும் தோசை சுட்டு விற்றும் மகளை ஆளாக்கியவள், அம்மகளின் கழுத்திலே தாலி ஏறும் கணத்தில் அறைக்குள் இருக்கின்றாள். அவளை எவரும் பிடித்துத் தள்ளவில்லை, தானாகவே போகின்றாள். தானாகவே போகும்படி ஒரு மனிதப் பிறவியைப் பழக்கி வைத்திருப்பதுதான் இவ்வழக்கத்தின் கொடுமை.

இவ்விடத்தில் இருவகை மறுப்புகள் எழும். பக்தர் ஒருவர் கூறுவார்: பெண்ணைச் சக்தியாகக் கண்ட சமயம் நம்முடையது, வழிபாடு வளர்ந்தால் பெண்ணின் நிலையும் தானே உயரும். அனுபவம் இதனை மெய்ப்பிக்கவில்லை. துர்க்கையையும் காளியையும் ஊர்தோறும் கொண்டாடும் இந்திய மாநிலங்களிலேயே, பெண்களைச் சூனியக்காரி என்று பழித்து அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்கப் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் வந்த பின்பும் கொலைகள் ஓயவில்லை. பழிசாட்டப்படுவோரிடையே கைம்பெண்களும் முதியோரும் மிகுதி. அவர்தம் சிறுநிலத்தின் மீது உறவினர் வைத்த கண் பல வழக்குகளிலே காரணமாயிருக்கின்றது. சேலத்தில் 1692-இல் நடந்ததும் இதுவேயன்றோ? ஒரே ஊரிலே தேவிக்கு விளக்கும் பெண்ணுக்குத் தடியடியும் கிடைக்குமாயின், விளக்கு எவரைக் காக்கின்றது?

பகுத்தறிவாளர் ஒருவர் இதற்கு எதிர்ப்புறத்தே நின்று கூறுவார்: தெய்வங்களையே கைவிட்டால் இத்தொல்லை தீரும். அவர்பால் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சகுனம் பார்ப்பதற்குத் தெய்வ நம்பிக்கை வேண்டியதில்லை என்பதை நான் கண்டிருக்கின்றேன். கோயிற் படி மிதியாத வீட்டிலும் கைம்பெண் ஆலத்தி எடுப்பதில்லை. தெய்வத்தை வெளியேற்றிய வீட்டிலே வழக்கம் மட்டும் உறுதியாகக் குடியிருக்கின்றது. அன்றியும், துன்பத்திலே அழுவதற்கு ஒரு சந்நிதியைத் தவிர வேறெதுவும் அற்ற தாயிடமிருந்து அச்சந்நிதியையும் பறித்துவிட்டு, பதிலுக்கு எதனைக் கொடுக்கப்போகின்றோம்?

மாற்ற வேண்டியது வணங்குவோர்க்கிடையிலுள்ள உறவை. அது மாறக்கூடியதே. 1968-இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வணங்கும் உரிமை கேட்டு நின்றபோது, அவர்களை மறித்தவர்கள் மனிதர்களே. கதவு திறந்தால் தெய்வம் அகன்றுவிடும் என்று கூறப்பட்ட கோயில்கள் பல, கதவு திறந்த பின்னும் திருவிழாக் குறையாது விளங்குகின்றன. தெய்வத்தின் பெயரால் விதிக்கப்பட்டவை மனித முயற்சியால் நீக்கப்பட்டன; வானம் இடிந்து விழவில்லை.

எம்மூரிலே இது ஏட்டுக் கேள்வியன்று. இது கடலை நம்பி வாழ்ந்த ஊர். புயலில் அகப்பட்டுத் திரும்பாத தோணிகளுக்காகக் கரையில் நின்ற பெண்கள் எம் பாட்டிமார். பின்னர்ப் போர் வந்தது. 1989 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே இந்திய அமைதிப்படையினர் இவ்வூரிலே ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். போர் முடிந்த மறுஆண்டு, 2010-இல், வடக்கிலும் கிழக்கிலும் 89,000 கைம்பெண்கள் உள்ளனர் எனப் பிரதியமைச்சர் ஒருவர் தெரிவித்தார். எண்பத்தொன்பதாயிரம் பெண்களை அமங்கலம் என்று ஒதுக்கிவிட்டு எந்த மங்கலத்தை நாம் கொண்டாடப்போகின்றோம்? காணாமற் போனோரின் மனைவியர் பலர் தம்மைச் சுமங்கலி என்பதா, கைம்பெண் என்பதா என்றறியாது ஆண்டுக் கணக்காகத் தெருவோரத்தில் படத்தை ஏந்தி நின்று நீதி கேட்கின்றனர். கையிலே சிலம்புக்குப் பதிலாக ஒரு நிழற்படம். வழக்குரை காதையை வகுப்பிலே விளக்கும் ஆசிரியர்க்கு வேறு உவமை எதற்கு?

சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவை ஒட்டி எம்மூரில் இந்திர விழா நடைபெறும். சிலப்பதிகாரத்திலே புகார் நகரத்தார் எடுத்த விழாவின் பெயரும் அதுவே. ஊர் முழுவதும் ஒளிவெள்ளம். வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுவர். கேள்வி கேட்ட அந்த மாணவியை இவ்வாண்டு விழாவிலே கண்டேன். பக்கத்தில் வெண்ணிறச் சேலையுடன் அவளுடைய தாய். அம்மனை நோக்கிக் கூப்பிய கைகளில் வளையல் இல்லை. நெருங்கிச் சென்று, "அக்கா, சுகமோ?" என்று கேட்டேன். "அம்மா தாயாலை ஒரு குறையுமில்லை, ரீச்சர்" என்றார்.

அவருக்குக் குறை கூறத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருக்கின்றது. அதுவே எனக்கு நம்பிக்கை தருவது.

அடுத்த வாரம் வகுப்பிலே அவளுக்கு விடை கூறினேன். கண்ணகியை நாம் தெய்வமாக்கியது சரியே. அவளைப் போன்றவர்களை மனிதராக மதிக்காதது பிழை. அப்பிழை கண்ணகியுடையதன்று, நம்முடையது என்றேன். எந்தத் தெய்வத்தையும், விக்காவின் கிழவியாயினும் நம் கண்ணகையாயினும், வணங்குவோரின் வீட்டிலே பெண்கள் எங்கே நிற்கின்றனர் என்பதைக் கொண்டே நான் மதிப்பிடுவேன் என்றும் சொன்னேன். அவள் உடனே, "அப்ப என்ரை கலியாணத்துக்கு அம்மாதான் தாலியை எடுத்துக் குடுக்கோணும்" என்றாள். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

அந்நாள் வரும்போது ஊரார் என்ன சொல்வரோ என்று அவள் தயங்கக்கூடும்; தாயே மறுக்கவும் கூடும். அப்போது அப்பந்தலிலே, "வாருங்கோ, முன்னுக்கு வாருங்கோ" என்று அந்தத் தாயின் கைபற்றி அழைத்து வர நாலு பேராவது இருக்க வேண்டும். வாசகரே, அந்த நால்வருள் நீங்களும் ஒருவராயிருத்தல் வேண்டும்.